எந்தத் தேசத்துக் கித்தார்?

தனுஷ்கோடிச் சுங்கக் கொட்டகையைப் போல ஒரு மாயக் கொட்டகையை நான் எங்கும் பார்த்ததில்லை. கொழும்பில் வாங்கிய எந்தச் சாமானும் அதற்குள் நுழைந்ததும் இந்தியச் சாமான் ஆகிவிடும். அந்தப் பக்கமாக வெளியே வந்து ரயிலடிக்குப் போனதும் மறுபடியும் சீமைச் சாமான் ஆகிவிடும். நடுவில் இருப்பது முப்பது நாற்பது அடிதான். ஐம்பத்தைந்தாம் வருடம் ஆடி மாதம் நாங்கள் கப்பலை விட்டு இறங்கியபோது எனக்கு முன்னால் ஒருவர் ஒரு டஜன் கண்ணாடித் தம்ளரோடு நின்றார். "மதுரையில வாங்குனதுங்க. கொழும்புக்குக் கொண்டு போனேன், பிடிக்கல, திருப்பிக் கொண்டாறேன்" என்று சத்தியம் செய்தார். தம்ளரைச் சுற்றியிருந்ததோ சிங்களப் பத்திரிகை.

என் பெயர் நஃபீசா. பிறந்தது ஏர்வாடி, வாழ்க்கைப்பட்டுப் போனது கொழும்பு. என் வீட்டுக்காரர் பெயர் நெய்னா முகம்மது. கட்டியவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். கதை புரிய வேண்டுமே என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். இனிமேல் இவர் என்றுதான் சொல்வேன்.

இவர் கொழும்பில் கித்தார் வாசித்தவர். கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா, சாயங்காலத்தில் ஓட்டல் என்று ஒன்பது வருடம் அதுதான் பிழைப்பு. அந்த வருடம் எங்கள் பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இருந்தது போதும், உங்கள் நாட்டுக்குக் கிளம்புங்கள் என்றார்கள். கிளம்ப வேண்டியதாயிற்று.

ஊருக்கு வருகிறோம் என்று நாங்கள் எழுதியதற்கு இரண்டு பதில் கடிதங்கள் வந்தன. ஒன்று இவருடைய அண்ணன் வாவு முகம்மது எழுதியது. அவருக்கு ஏர்வாடி தர்ஹா வாசலில் ஊதுபத்தியும் சர்க்கரையும் விற்கிற கடை. "உனக்கு ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கித்தாரை அங்கேயே யார் தலையிலாவது கட்டிவிட்டு வா" என்று எழுதியிருந்தார். இன்னொன்று இராமநாதபுரத்தில் நாடகக் கம்பெனி வைத்திருக்கிற கூத்தையா எழுதியது. மூன்று வருடத்துக்கு முன்னால் கொழும்பில் நாடகம் போட வந்தபோது இவர் வாசிப்பைக் கேட்டவர். "என் கம்பெனியில் கித்தார்க்காரர் இல்லை. நல்ல வெளிநாட்டுக் கித்தாரோடு வந்தால் வேலை நிச்சயம்" என்று எழுதியிருந்தார்.

இவர் இரண்டாவது கடிதத்தைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவே இல்லை. நாலாய் மடித்த காகிதம் வேர்வையில் நைந்து எட்டாய்க் கிழிந்துவிட்டது. அது பலித்தால் இவர் கித்தார்க்காரர், பலிக்காவிட்டால் ஊதுபத்திக்காரர். ஊதுபத்தி விற்பதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அந்தக் கடைச் சோற்றைத்தான் எங்கள் குடும்பம் முழுவதும் தின்றது. ஆனால் இவர் சோறு தின்னும்போதுகூட இடது கை விரல்கள் தொடையில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த விரல்கள் சர்க்கரைப் பொட்டலம் மடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கித்தாரைச் செய்தவர் சிறிபால என்கிற சிங்களத் தச்சர். கொழும்புக்குப் பக்கத்தில் மொறட்டுவையில் மேசை, அலமாரி செய்கிறவர். இவருக்கு உயிர்ச் சிநேகிதர். வேறு வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு நாலு மாதம் உட்கார்ந்து இவருக்காகச் செய்தார். வெளிநாட்டுக் கித்தார் என்று கூத்தையா எழுதியதைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. கடல் தாண்டி வருகிற சாமான் வெளிநாட்டுச் சாமான்தானே என்று நினைத்துக்கொண்டோம். என் கவலை எல்லாம் சுங்கம்தான். கப்பலில் வரும்போதே இவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன்.

"எந்த ஊருச் சாமான்னு கேப்பாக. கல்கத்தான்னு சொல்லிருங்க. கல்கத்தாவுல வாங்கி இங்கன இருந்துதான் கொண்டு போனேன், இப்பத் திருப்பிக் கொண்டாறேன்னு சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாக."

இவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடல் அன்றைக்குக் கொந்தளிப்பு. வாந்தி வருகிறது என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரியைச் சிப்பந்திகள் நாகநாதன் சார் என்று கூப்பிட்டார்கள். தம்ளர்காரரை அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, சாக்கட்டியால் மூட்டையில் ஒரு கோடு போட்டுத் தள்ளிவிட்டார். அடுத்தது நாங்கள்.

"இது என்னய்யா?"

"கித்தாருங்க."

"எந்த நாட்டுச் சாமான்?"

நான் பின்னால் இருந்து இவர் முதுகில் ஒரு இடி இடித்தேன். கல்கத்தா என்கிற அஞ்சு எழுத்து வெளியே வந்து விழட்டும் என்றுதான் இடித்தேன்.

"கொழும்புப் பக்கத்துல மொறட்டுவைங்க. சிறிபாலன்னு ஒரு தச்சரு செஞ்சாரு."

நாகநாதன் சார் பேனாவைக் கீழே வைத்தார். கோடு போட்டு முடித்த தம்ளர்காரர்கூட நின்று திரும்பி, பைத்தியத்தைப் பார்ப்பது போல இவரைப் பார்த்தார்.

"பழைய சாமானா?"

"ரெண்டு வருசம் ஆச்சுங்க. போன வாரந்தான் புதுசா வார்னிஷ் அடிச்சுக் குடுத்தாரு."

வார்னிஷைப் பற்றி யாராவது கேட்டார்களா? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "சார், உள்ளதை உள்ளபடி சொல்லிட்டாக. அதுக்காகவாவது விட்டுருங்க" என்று முன்னால் போய் நின்றேன்.

"ஆறு வருசமா இந்த மேசையில உக்காந்திருக்கேம்மா. வெளிநாட்டுச் சாமான்னு வாயைத் திறந்து சொன்ன முதல் ஆளு இவருதான். சொன்னதுனாலதான் விட முடியல. சொல்லாம இருந்தா நான்பாட்டுக்குக் கோடு போட்டு அனுப்பியிருப்பேன்" என்றார் அந்த மனுஷர். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் தோன்றியது. ஆனாலும் வரியைப் போட்டார். கொழும்பில் பாத்திரம் பண்டம் விற்றுச் சேர்த்துக்கொண்டு வந்ததில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போக எங்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகிறவரை நான் வாயைத் திறக்கவில்லை. பாலம் தாண்டியதும் மொத்தமாகத் திறந்தேன்.

"கல்கத்தான்னு சொன்னா உங்க நாக்கு வெந்தா போயிரும்?"

இவர் கித்தாரை மடியில் வைத்து அணைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "நாலு மாசம் ராப்பகலா உக்காந்து செஞ்சான் நஃபீசா. விலை கேட்டதுக்கு அடிக்க வந்தான். அவன் கையால செஞ்சதைக் கல்கத்தாவுல எவனோ செஞ்சான்னு என் வாயால சொல்லணுமா? அவன்தான் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கானே, கேக்கவா போறான்னு சொல்றியா?"

அதைத்தான் நான் சொல்லவிருந்தேன். அதனால் மறுபடியும் வாயை மூடிக்கொண்டேன்.

இராமநாதபுரத்தில் கூத்தையாவின் வீடு அரண்மனைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. உள்ளே போனதும் எனக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. ஒரு பக்கம் ராஜாவின் கிரீடம் ஆணியில் தொங்கியது. இன்னொரு பக்கம் இரண்டு பேர் கத்திச் சண்டை பழகினார்கள். நடுவில் ஒருவர் புடவை கட்டிக்கொண்டு பீடி குடித்தார். "வாங்க பாய், வாங்க! உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று கூத்தையா ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடித்தார். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். ரோஸ் காகிதத்தில் அச்சடித்த நோட்டீஸ் கட்டை இழுத்துப் போட்டு ஒன்றை உருவிக் காட்டினார்.

"நாளைக் கழிச்சு நயினார்கோவில்ல ஆடித் திருவிழா. நம்ம நாடகம். பாருங்க, உங்களைத்தான் தலைப்புலயே போட்டிருக்கேன்."

இவர் பெயர் அதில் இல்லை. தடித்த எழுத்தில் இருந்தது இதுதான்: அசல் ஜெர்மன் கித்தார் இன்னிசையுடன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் கூத்தையா கித்தாரை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்து அதன் ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார். தச்சர் உள்ளே தன் பெயரையும் ஊரையும் எழுதி வைத்திருந்தார். கூத்தையாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் ஜாடை தெரிந்தது. இந்தக் கரையில் யாருக்குத்தான் அது தெரியாது?

"என்ன பாய், சிங்கள எழுத்தா இருக்கு?"

"ஆமாண்ணே, மொறட்டுவையில செஞ்சது."

"வெளிநாட்டுக் கித்தாருன்னுல எழுதியிருந்தேன்!"

"இதுவும் வெளிநாடுதானண்ணே" என்றேன் நான்.

கூத்தையா என்னைப் பார்த்துச் சிரித்தார். கத்திச் சண்டைக்காரர்களும் சிரித்தார்கள். "கொழும்பு எப்பத் தாயி வெளிநாடாச்சு? ராமேஸ்வரத்துல தும்முனா அங்கன கேக்கும். எங்க மாமன் அங்கன சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரு. நானே ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன். நான் போயிட்டு வந்த ஊரு எப்படி வெளிநாடாகும்? ஜெர்மன், லண்டன், அமெரிக்கா, அதெல்லாம் வெளிநாடு. இதை மேடையில வச்சா கீழக்கரைக்காரன் கைகொட்டிச் சிரிப்பான். மன்னிச்சுக்கங்க பாய், இது வேலைக்கு ஆகாது."

இவர் உறையை எடுத்து விரித்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ தெரியாது. காலையிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்ததெல்லாம் கிளம்பி வந்துவிட்டது.

"கொழும்பு வெளிநாடு இல்லையாண்ணே? அப்ப எங்களை எதுக்குப் போகச் சொன்னாக? அடுப்புல பால் கொதிச்சுக்கிட்டிருக்கும்போது வந்து, நீங்க வெளிநாட்டு ஆளு, பெர்மிட் முடிஞ்சிருச்சு, கிளம்புங்கன்னாக. சரின்னு கிளம்பி வந்தா தனுஷ்கோடியில, இது வெளிநாட்டுச் சாமான், வரியைக் கட்டுன்னாக. கையில இருந்ததை எல்லாம் கட்டிட்டு இங்கன வந்தா, வெளிநாடே இல்லைன்னு நீங்க சொல்றீக. அங்கன நாங்க வெளிநாடு, சுங்கத்துல கித்தாரு வெளிநாடு, உங்க வாசல்ல மட்டும் எல்லாம் அடுத்த வீடா? நீங்க மூணு பேரும் ஒரு நாள் கூடி உக்காந்து பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க. அதுவரைக்கும் நாங்க போய் நடுக்கடல்ல நிக்கிறோம்!"

புடவை கட்டியிருந்தவர் பீடியைக் கீழே போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவர், "விடு நஃபீசா" என்று மெல்லச் சொன்னார். கூத்தையா தன் தொந்தியைத் தடவிக்கொண்டார்.

"வாசிங்க பாய், கேப்போம்" என்றார் கடைசியில்.

இவர் வாசித்தார். கத்திச் சண்டைக்காரர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். முடித்ததும் கூத்தையா பெருமூச்சு விட்டார். "வாசிப்புல ஒரு குறை இல்ல, சத்தத்துலயும் குறை இல்ல. குறையெல்லாம் ஊருலதான் இருக்கு. நோட்டீஸ் ஐநூறு நயினார்கோவில் சுத்துப்பட்டு முழுக்கக் குடுத்தாச்சு. ஒன்னு செய்வோம் பாய். அங்கன ஒரு நாள் வாசிங்க. சனம் ஏத்துக்கிட்டா மாசச் சம்பளம். ஆனா மேடையில நான் ஜெர்மன்னுதான் சொல்லுவேன். நீங்க வாயைத் திறக்கப்படாது."

"திறக்க மாட்டாக" என்றேன் நான், இவர் பதில் சொல்வதற்குள்.

ஏர்வாடிக்குப் போனதும் இவர் அண்ணன், என் பெரிய மச்சான், விஷயத்தைக் கேட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டினார். "ஒரு நாள்தானே? அல்ஹம்துலில்லாஹ். முடிச்சுட்டு வந்து முக்காலியில உக்காரச் சொல்லு." முக்காலிக்குப் புதுக் கால்கூடப் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நயினார்கோவிலுக்கு நானும் போனேன். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் இவர் வாய் எந்த நேரத்தில் எதைச் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? மைதானத்தைச் சுற்றி மாட்டு வண்டிகள் நின்றன. நாடகம் இருட்டிய பிறகுதான். அதற்கு முன்னால் ஆள் சேர்ப்பதற்காக வெயில் தாழ்ந்ததும் பாட்டுக் கச்சேரி வைப்பது கூத்தையாவின் வழக்கம். எள் போட்டால் விழாத கூட்டம். எல்லாரும் சுற்றுப்பட்டுக் கிராமத்து விவசாயிகள், மழைக்குக் காத்துக்கொண்டிருந்த சனங்கள். அவர்களில் பாதிப் பேர் கையில் அந்த ரோஸ் நோட்டீஸ் இருந்தது. சிலர் அதையே விசிறியாக வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் வறுத்த கடலைக் கூடையோடு ஐம்பது வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். பெயர் கருத்தம்மாள் என்று கடலை வாங்குகிறவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது.

கூத்தையா மேடையில் ஏறிக் கையை விரித்தார். "மகா சனங்களே! ஜெர்மன் தேசத்துல செஞ்சு, கப்பல் ஏறி, ஏழு கடல் தாண்டி உங்களுக்காகவே வந்திருக்குற அசல் கித்தாரு இதோ!"

கைதட்டல் அடங்குவதற்குள் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு முறுக்கு மீசை எழுந்தது. "ஏலே, இரு இரு. பட்டாளத்துல அஞ்சு வருசம் இருந்தவன் நான். இத்தாலியில ஜெர்மன்காரனை நேருக்கு நேர் பாத்தவன். எங்க, ஜெர்மன் முத்திரையைக் காட்டு!"

"அண்ணே பால்சாமி, உக்காருங்கண்ணே" என்று கூத்தையா கும்பிட்டார். மீசை உட்காரவில்லை. நேராக மேடை ஓரத்துக்கே வந்து இவரை அண்ணாந்து பார்த்தது.

"தம்பி, நீ சொல்லு. பாத்தா பொய் சொல்ற ஆளாத் தெரியல. இது எந்தத் தேசத்துக் கித்தாரு?"

யா அல்லாஹ் என்று நான் இரண்டு கையாலும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டேன். ஜெர்மன். நாலே எழுத்து. சொன்னால் மாசச் சம்பளம், சொல்லாவிட்டால் முக்காலி. இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். இவர் கித்தாரைப் பார்த்தார். பிறகு மைக்குக்குக் கிட்டே போனார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, போச்சு என்று.

"ஜெர்மன் இல்லீங்க. இது இலங்கையில, மொறட்டுவைங்கிற ஊருல செஞ்சது. சிறிபாலன்னு என் சிநேகிதரு செஞ்சாரு. நானும் அங்கன இருந்து இந்த வாரந்தான் வந்தேன்."

கூத்தையா தலையில் கை வைத்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கப் போகிறார்கள், கல் எறியப் போகிறார்கள் என்று நான் காத்திருந்தேன்.

என் பக்கத்திலிருந்த கடலைக்காரி சட்டென்று எழுந்தாள். "எந்த ஊரு? இலங்கையா? கண்டிச் சீமையா?"

"ஆமாக்கா" என்றார் இவர்.

"கண்டிச் சீமைக் கித்தாராம்ல!" என்று அவள் திரும்பி மொத்தக் கூட்டத்துக்கும் கத்தினாள்.

அதன் பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கடற்கரைக்காரர்களான எங்களுக்குக் கொழும்பு அடுத்த தெரு. வியாபாரத்துக்குப் போவோம், ஆறு மாதத்தில் வருவோம். ஆனால் இந்த மேட்டு நிலத்துச் சனங்களுக்கு அது சீமை. பஞ்சம் வந்த வருடங்களில் இங்கிருந்து வீட்டுக்கு ஒருவராவது தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள்தான் அதிகம். ஜெர்மனியில் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். பிறகு எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"தம்பி, மாத்தளையில எங்க சித்தப்பன் இருக்காரு. இடது கையில ஆறு விரலு. பாத்திருக்கியா?"

"அட்டன் பக்கம் எங்க அக்கா! பேரு சொர்ணம்!"

"அங்கன இருக்குறவுகளை எல்லாம் தொரத்துறாகளாம்ல? மெய்யா?"

"பண்டாரவளைன்னு ஒரு ஊரு உண்டா? தெரியுமா?"

மேடையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியது. பால்சாமியின் மீசையே அதில் நசுங்கியது. "எங்க மாமன் நாவலப்பிட்டியில இருக்காரு தம்பி" என்று அவரும் கத்தினார். இவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். கொழும்பை விட்டு நான் அதிகம் போனதில்லை அண்ணே, பாத்ததில்லை அக்கா, தெரியாதுங்க அய்யா என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். தெரியாது என்று சொல்கிறவரிடம் அப்படி ஆசையோடு ஒரு கூட்டம் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்புறம் யாரோ, "வாசிக்கச் சொல்லுங்கப்பா, அந்தச் சீமைப் பாட்டு ஒன்னு வாசிக்கட்டும்" என்றார்கள். எல்லாரும் அப்படியே இருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள்.

இவர் தோட்டத்துச் சனங்கள் பாடுகிற மெட்டு ஒன்றை வாசித்தார். கொழும்பு ஓட்டல் வாசலில் தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் யாரோ பாடக் கேட்டுப் பழகியது. மெட்டு தெரிந்த கிழவர்கள் முனக ஆரம்பித்தார்கள். மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள், மூன்று தடவையும் கைதட்டல் கோபுரம் வரை கேட்டிருக்கும். நான் அழுதேன், சிரித்தேன், பக்கத்தில் இருந்த யார் கையையோ பிடித்துக்கொண்டு குதிக்காத குறை. கூத்தையா எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. மேடைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது. "ஏலே, நாளைக்கே அச்சாபீசுக்கு ஓடு. கண்டிச் சீமைக் கித்தாருன்னு போடச் சொல்லு. கொட்டை எழுத்துல! பாய் பேரையும் போடச் சொல்லு!"

பிறகு எங்களிடம் வந்து, "ஞாயித்துக்கிழமை முதுகுளத்தூரு பாய், மறக்காம வந்துருங்க. சம்பளம் இந்த மாசத்துல இருந்தே" என்றார். என்னைப் பார்த்து, "தாயி, வெளிநாடுதான்! ஒத்துக்கிறேன்!" என்று கும்பிட்டார். பெரிய மச்சானின் முக்காலியை நினைத்து நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மேடைக்குப் பின்னால் நாடகத்துக்கு முகம் பூசிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து கித்தாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கருத்தம்மாள் கடலைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள்.

"தம்பி, இதை விலைக்குக் குடுப்பீகளா?"

இவர் திகைத்துப் போனார். "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமாக்கா?"

"எனக்கு எதுக்குய்யா வாசிக்க? எந் தம்பி இருக்குற சீமையில இருந்து வந்த பொருளு. வீட்டுல ஒரு மூலையில இருக்கட்டுமேன்னுதான்." முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே பேசினாள். "அவன் போயி பதினோரு வருசம் ஆச்சு. நான்தான் வளர்த்தேன். மூணு வருசமாக் காயிதம் இல்ல. ஆளுகளைத் திருப்பி அனுப்புறாகன்னு சொன்னதுல இருந்து ஒவ்வொரு ரயிலையும் விசாரிக்கச் சொல்லிக்கிட்டிருக்கேன். யாரு யாரோ வாராக."

"இதுதான்க்கா என் பொழப்பு. குடுக்க முடியாது."

அவள் கோபப்படவில்லை, முடிச்சை மறுபடியும் போட்டுக்கொண்டாள். "தொட்டுப் பாக்கட்டா?" என்று கேட்டாள். இவர் கித்தாரை அவள் மடியில் வைத்தார். அவள் கடலை உப்பு ஒட்டிய கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு அதன் முதுகைத் தடவினாள்.

"என்ன மரம்யா?"

"பலாக்கா."

"எந்தப் பக்கத்து மரம்? எந் தம்பி அப்புத்தளையில, மலைக்கு மேல தோட்டத்துல இருக்கான். அந்தப் பக்கத்து மரமா இருக்குமா?"

இவர் அவளைப் பார்த்தார். சுங்கத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் எங்கள் பணம் மிஞ்சியிருக்கும், மேடையில் ஒரு பொய் சொல்லியிருந்தால் என் உயிர் பாதி போயிருக்காது. இரண்டு இடத்திலும் என் பேச்சைக் கேட்காத மனுஷர்.

"ஆமாக்கா. அப்புத்தளை மரந்தான். அங்கன வெட்டி, ரயில்ல இறக்கிக் கொண்டாந்து செஞ்சாக."

கருத்தம்மாள் குனிந்து அந்தப் பலகையில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நாடகத்துக்கு மணி அடித்தார்கள். கூத்தையா கித்தாருக்கு ஆள் அனுப்பினார். இவர் கையைக் காட்டி அவனை நிற்கச் சொன்னார். நான் இவர் பக்கம் திரும்பவே இல்லை. சிறிபால தன் வீட்டுக் கொல்லையில் நின்ற பலாவை வெட்டிச் சாய்த்தபோது நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.